‘மல்பங்சன் 54’ – ஒரு பிழைச் செய்தியின் வரலாறு



கணினித் திரையில் புரியாத பிழைச் செய்தி ஒன்று தோன்றினால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஏதோ ஒரு விசையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். அந்தப் பழக்கம் உயிரைக் குடித்த வரலாறு ஒன்று நாம் வாழும் கனடாவோடு தொடர்புடையது.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் இயந்திரம். கனடிய அரச நிறுவனமான ஏ.ஈ.சி.எல். அதைத் தயாரித்தது. முந்திய மாதிரியில் தனியாக இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கி, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டார்கள். 1985 யூன் முதல் 1987 சனவரி வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகள் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

1985 யூலையில் ஒன்ராறியோவின் ஹமில்டன் நகரில் நடந்தது இது. சிகிச்சை தொடங்கி ஐந்து விநாடிகளில் இயந்திரம் நின்றது. திரையில் ‘எச்-ரில்ட்’ என்ற புதிர்ச் சொல்லும், கதிர் செலுத்தப்படவில்லை என்ற குறிப்பும் தோன்றின. அதை நம்பிய இயக்குநர் ‘பி’ விசையை அழுத்தினார். மேலும் மூன்று முறை அப்படியே அழுத்தினார். உண்மையில் நோயாளியின் உடலில் கதிர் அளவுக்கு மீறிப் பாய்ந்திருந்தது.

1986 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் ‘மல்பங்சன் 54’ என்று திரை காட்டியது. இயக்குநரிடம் இருந்த கைநூலில் அதற்கு விளக்கம் இல்லை. கதிர் அளவு கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள்! திரையோ குறைந்த அளவையே காட்டியது. மீண்டும் ‘பி’ விசை. ஏப்ரலில் அதே நிலையத்தில் இன்னொருவருக்கும் அதே செய்தி வந்தது. இருவருமே இறந்துபோனார்கள். பதிந்த விபரத்தை வேகமாகத் திருத்தும்போது மென்பொருள் தடுமாறுகிறது என்பதை அந்நிலையத்தின் பௌதிகவியலாளரும் இயக்குநரும் பலமுறை முயன்று கண்டுபிடித்தார்கள்.

மூலக் குறை மென்பொருளில் இருந்தது உண்மையே. ஆனால் அந்தக் குறையை மறைத்தது திரையில் வந்த செய்தி. சிறு கோளாறுகளுக்கும் அதே பாணிச் செய்திகள் அடிக்கடி வந்ததால், இயக்குநர்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் பழகிவிட்டார்கள். பின்னர் வகுத்த திருத்தத் திட்டத்தில், புதிர்க் குறிகளுக்குப் பதிலாகப் பொருள் விளங்கும் செய்திகள் வரவேண்டும் என்பதும் இடம்பெற்றது.

‘பரீட்சை மீதி பொருந்தவில்லை’ என்று மட்டும் ஒரு கணக்காளர் எழுதித் தந்தால் ஏற்பீர்களா? எங்கே, எவ்வளவு என்று கேட்க மாட்டீர்களா? மென்பொருள் எழுதும் எங்கள் பிள்ளைகளும் இதை மனத்தில் வைக்கட்டும். என்ன நடந்தது, எது நடக்கவில்லை, இனி என்ன செய்யவேண்டும் என்ற மூன்றையும் பாவனையாளருக்கு எளிய மொழியில் சொல்லுங்கள். தொழில்நுட்ப விபரங்களைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஆபத்தான இடத்தில் ஒரு விசையோடு கடந்துபோக விடாதீர்கள்.