காலியாக விடப்பட்ட நாற்காலி

தென்கொரியத் தலைநகர் சியோலில், ஜப்பான் தூதரகத்துக்கு எதிரே இருந்த நடைபாதையில் 2011 டிசம்பர் 14 அன்று வெண்கலச் சிறுமி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். உயரம் ஏறத்தாழ 130 செ.மீ. உயர்ந்த பீடம் கிடையாது. கையில் கொடியோ வாளோ கிடையாது. இரண்டு அரசுகளின் உறவை உலுக்கப்போகும் சிலை அது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை, தான் பிடித்த நாடுகளில் வீரர்களுக்கென்று விடுதிகள் நடத்தியது. கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா எனப் பல நாட்டுப் பெண்கள், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுவரப்பட்டு, அங்கே பாலியல் அடிமைகளாக அடைக்கப்பட்டார்கள். பலர் பருவம் முற்றாத சிறுமிகள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், கொடுமை செய்தவன் யார் என்று ஊர் கேட்டிருக்காது. இவள் எப்படிப்பட்டவள் என்றுதான் கேட்டிருக்கும்.

அந்த மௌனத்தை உடைத்தவர் கிம் ஹாக்-சுன். 1991 ஆகஸ்ட் 14 அன்று பெயரையும் முகத்தையும் மறைக்காமல் செய்தியாளர்கள் முன் தன் கதையைச் சொன்னார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வெளியே வந்தார்கள். 1992 ஜனவரி 8, ஒரு புதன்கிழமை, தூதரகத்தின் முன் போராட்டம் தொடங்கியது. பிறகு மழையானாலும் பனியானாலும் புதன்தோறும் நடந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, அந்த வாரம் மூதாட்டிகள் முழக்கம் எழுப்பவில்லை. இறந்த ஜப்பானியருக்காக மௌன அஞ்சலி செலுத்தினார்கள். இவர்களை ஜப்பானின் பகைவர்கள் என்று சொல்பவர்கள் இந்த ஒரு புதன்கிழமையை அறிந்துகொள்ள வேண்டும்.

ஆயிரமாவது புதன்கிழமைக்கு ஒரு நினைவுக்கல் நடலாம் என்பதுதான் முதல் எண்ணம். அந்தப் பணி கிம் சொ-கியோங், கிம் உன்-சோங் என்ற சிற்பத் தம்பதியிடம் வந்தது. கல், சிறுமியாக மாறியது. போராடியவர்கள் தொண்டு கிழவிகள். ஆனால் கொடுமைக்கு ஆளானவர்கள் சிறுமிகள். அந்த வயதையே சிலைக்குக் கொடுத்தார்கள்.

கொரியாவின் மரபு உடையான ஹான்போக் அணிந்திருக்கிறாள் அவள். முடி ஒழுங்கில்லாமல் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்தும் பிறந்த மண்ணிலிருந்தும் வெட்டியெடுக்கப்பட்டதன் அடையாளம். இடது தோளில் ஒரு சிறு பறவை, இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே ஓர் இணைப்பாக. கைகளை முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வைத்திருந்தார்கள். சிலை கூடாது என்று ஜப்பான் தரப்பிலிருந்து நெருக்குதல் வரவே, விரல்கள் முஷ்டிகளாக இறுகின. வெறும் பாதங்கள், குதிகால்கள் தரையைத் தொடவில்லை. ஊர் திரும்பிய பிறகும் சொந்த மண்ணில் கால் ஊன்றி நிற்க முடியாத வாழ்க்கையை அந்தச் சிறு இடைவெளியில் சொல்லிவிட்டார்கள். தரையில் கருங்கல் துண்டுகளைப் பதித்துச் செய்த அவளுடைய நிழல் விழுகிறது. அது சிறுமியின் நிழல் அல்ல, கூன் விழுந்த ஒரு பாட்டியின் நிழல். அந்த நிழலின் நெஞ்சுப் பகுதியில் வெள்ளைப் பட்டாம்பூச்சி.

பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலி. நீதி கிடைக்காமல் இறந்துபோனவர்களுக்கான இடம். வருகிறவர் உட்காரவும் அதுவே இடம். அதில் உட்கார்ந்தால் அவள் பார்க்கும் திசையில்தான் பார்க்க வேண்டும். சிலையின் உயிர்நாடி இதுதான். அண்ணாந்து பார்க்கும் சிலைகளுக்கு மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இவளிடம் அது நடக்கவில்லை. குளிர் வந்ததும் யாரோ கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றினார்கள், தலையில் தொப்பி வைத்தார்கள், காலுக்குக் காலுறை மாட்டினார்கள்.

தூதரகத்தின் கண்ணியம் கெடுகிறது என்று ஜப்பான் தொடர்ந்து கூறியது. 2015 டிசம்பர் 28 அன்று இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டை அறிவித்தன: ஜப்பான் 100 கோடி யென் தரும், சிலைப் பிரச்சினையைத் தீர்க்கத் தென்கொரியா முயலும். உயிரோடிருந்த பெண்களைக் கேட்காமல் செய்த ஏற்பாடு அது. சிலை அகற்றப்படாமலிருக்க, கடுங்குளிரில் மாணவர்கள் அதன் அருகே இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் பூசான் நகரில் ஜப்பான் துணைத் தூதரகத்தின் முன் இன்னொரு சிறுமி வந்தாள். ஜப்பான் தன் தூதரைத் தற்காலிகமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2019-இல் ஜப்பானின் ஐச்சி கலைவிழாவில் இந்தச் சிலை இடம்பெற்ற காட்சிப் பிரிவு, மிரட்டல்களால் மூன்றே நாளில் மூடப்பட்டது. பின்னர் கட்டுப்பாடுகளோடுதான் திறந்தார்கள்.

இது கொரிய தேசப்பற்றின் சிலை மட்டுமே என்று ஒதுக்குவோருக்கு, அதே தம்பதியின் இன்னொரு படைப்பு பதில் சொல்கிறது. வியட்நாம் போரில் தென்கொரியா மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கியது. அந்த வீரர்கள் கையில் இறந்த கிராமத்து மக்களுக்காக, குழந்தையை மார்போடு அணைத்த ஒரு தாயை இந்தத் தம்பதி செய்தார்கள். ‘வியட்நாம் பியெத்தா’ என்ற அந்தச் சிலை 2017 ஏப்ரலில் தென்கொரியாவின் ஜேஜு தீவில் நிறுவப்பட்டது. ஜப்பானிடம் கேட்ட கேள்வியை அவர்கள் தங்கள் நாட்டிடமும் கேட்டார்கள். என் கண்ணில் முதல் சிலையின் மதிப்பை இது கூட்டுகிறது.

1968-இல் வியட்நாமின் ஃபோங் ஞி கிராமத்தில் தென்கொரிய வீரர்கள் நடத்திய படுகொலையில் உயிர் பிழைத்த பெண்ணுக்குத் தென்கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2025 ஜனவரியில் அதிலும் தோற்றது.