சாந்தம் யாருக்குரிய அறம்? கஹவத்தைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கிறித்தவ அறநூல்களைப் பயில்வோர் சாந்தம் என்னும் சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே ஆவியின் கனியாக எண்ணப்படும் ஒன்பது பண்புகளுள் அதுவும் ஒன்று. மலைப்பிரசங்கத்திற் பேறுபெற்றோராகக் கூறப்படுவோருள்ளும் சாந்தகுணமுடையோர் இடம்பெறுகின்றனர். கணவன் மனைவியர், பெற்றார் பிள்ளைகள், அயலவர் ஆகியோர் தம்முட் பழகும் முறையைப் பற்றிப் பேசுமிடத்துப் போதகர்கள் இச்சொல்லையே எடுத்தாளுவர். எனினும், ஓர் அறத்தின் இயல்பை அறிதற்கு அது கூறப்பட்ட நூலை மட்டும் நோக்குதல் போதாது. அது யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படாது விடப்பட்டது என்பதும் ஆராயப்படல் வேண்டும். சப்பிரகமுவ மாகாணத்துக் கஹவத்தைப் பகுதியின் தோட்ட வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதொரு களமாக அமைகின்றது.

கஹவத்தை இரத்தினபுரி மாவட்டத்திலே, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிறு நகரம். எந்தான, வெள்ளந்துரை முதலிய தோட்டங்கள் அதனைச் சூழவுள்ளன. தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் நிலம் இது. நுவரெலியாப் பகுதியில் மலைத்தொடர் முழுவதும் தோட்டமாகவே விரிந்து கிடக்க, இங்கோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே தீவுகள்போற் கிடக்கின்றன. தோட்ட மக்களுட் பெரும்பான்மையோர் இந்துக்கள், கிறித்தவர் சிலரே. கத்தோலிக்கர் நெடுங்காலம் காலி மறைமாவட்டத்தின் கீழ் இருந்தனர். அம்மறைமாவட்டம் 1893இல் அமைக்கப்பட்டுப் பெல்ஜிய நாட்டு யேசுசபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995ஆம் ஆண்டிலேயாகும்.

தோட்டம் என்பது ஒரு தொழிற்களம் மட்டுமன்று. அது ஓர் ஏணி. பெரியதுரை, சின்னதுரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என அது இறங்கி வந்து, பெரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளியிடம் முடிகின்றது. இவ்வேணிக்குச் சட்டமும் துணைநின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடலாம். கடன் தீர்க்கப்படும்வரை ஆளைக் கட்டி வைத்த துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. அதாவது, ஏறத்தாழ இரு தலைமுறை மக்கள், கோபத்தைக் காட்டினால் வேலை மட்டுமன்றி விடுதலையையும் இழக்கும் நிலையில் வாழ்ந்தனர். அத்தகையோரின் மௌனத்தைச் சாந்தம் எனலாமா?

அன்றாட உறவின் தன்மையை அறிதற்கு விளிமுறையினும் சிறந்த சான்று வேறில்லை. தோட்டத்துரைமார் தமிழ் கற்றனர் என்பது பாராட்டுக்குரியதே. ஆனால் எந்தத் தமிழைக் கற்றனர்? சின்னதுரைமாரின் பயன்பாட்டுக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்பில் வெளிவந்த கையடக்கத் தமிழ் வழிகாட்டி ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலுக்கோ 'கூலித் தமிழ்' என்றே பெயர். வா, வாரும், வாருங்கள் என மூன்று படிகளையுடைய ஒரு மொழியிலே, புதிதாக வந்த இளந்துரை முதலிற் கற்றுக்கொள்ள வேண்டியதாகக் கருதப்பட்டது அடிப்படி ஒன்றேயாம். நூலின் பெயரே ஓர் ஏவலாக அமைந்துவிட்டதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு விளக்குவது!

ஆயினும் பழியனைத்தையும் அயலவர்மேற் சுமத்துதல் முறையன்று. துரையின் கடுஞ்சொல்லை லயத்து வாசல்வரை கொண்டுசென்றவர்கள் தமிழராகிய கங்காணிமாரே. 'டா', 'டி' என்னும் விகுதிகளை அவர்கள் ஆங்கிலேயரிடம் கற்கவில்லை. ஊரிலிருந்து, சாதி வழக்குகளோடு உடன்கொண்டு வந்தனர். ஏணியின் இறுதிப்படியிலும் அது நிற்கவில்லை. பகல் முழுதும் ஏச்சுக் கேட்ட ஆண், மாலையில் ஓரறை லயத்துக்குட் புகுந்து மனைவியிடத்து அதே சொற்களைத் திருப்பியுரைக்கும் நிலை அரிதன்று. அவளோ விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பகலெல்லாம் கொழுந்து பறித்து, நிறை குறைந்தமையால் அரைப்பேர் பெற்று வந்தவளாயிருப்பாள். தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இலேயே கிடைத்தது என்பதை நினைவுகூர்ந்தால், அவள்மீது விழுந்த கடுமை சொல்லளவில் நின்றதன்று என்பது புலனாகும். இல்லறத்தில் மென்மை வேண்டுமென உபதேசிப்போர் பெரும்பாலும் பெண்ணையே நோக்கிப் பேசுவது ஏன் என்பது எமக்கு இன்றும் விளங்காத புதிர்.

இவ்வேணியினுள் நற்செய்திப் பணி எவ்வாறு நுழைந்தது? 1854இல் மத்திய மலைநாட்டிலே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து சென்று தமிழிற் போதித்தனர். ஊரையும் உறவையும் பிரிந்து வந்த மக்களிடையே, எழுத்தறிவுடைய ஒரு தமிழர் அமர்ந்து பேசியது சிறிய காரியமன்று. ஆயினும் அப்பணிக்குத் தோட்ட உடைமையாளரே பொருளுதவினர் என்பதும், பணியின் பெயரிலேயே 'கூலி' என்னும் சொல் ஒட்டிக்கொண்டது என்பதும் மறக்கற்பாலன அல்ல. துரையின் பணத்தில் வாழும் உபதேசியார் துரையிடத்துச் சாந்தத்தைக் கேட்பது எளிதன்று. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலே, வேலைக்காரர் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்டளையைத் தொடர்ந்து, எசமானர் அச்சுறுத்துதலைக் கைவிட வேண்டும் என்ற கட்டளையும் வருகின்றது. இடையே உள்ளவை சில வசனங்களே. ஆனால் அச்சில வசனங்களைக் கடந்து செல்வதற்குத் தோட்டத்தில் வேண்டியிருந்த துணிவு பெரிது.

சாந்தம் என்று தமிழில் வழங்கும் சொல்லின் கிரேக்க மூலம் கோழைமையைக் குறிப்பதன்று. அரிஸ்டாட்டில் தமது ஒழுக்கவியலில் அப்பண்பினை மிகுசினத்துக்கும் சினமின்மைக்கும் நடுவே வைப்பர். சினக்கத்தக்க விடயத்திற் சினவாதிருத்தலும் அவருக்குக் குறையே. விவிலியமோ மோசேயைப் பூமியிலுள்ள மனிதர் எல்லோரினும் சாந்தமுடையவனாகக் காட்டுகின்றது. அந்த மோசே யார்? செங்கற் கணக்குக் குறைந்ததற்காக அடிக்கப்பட்ட மக்களுக்காகப் பார்வோனின் முன்சென்று வழக்குரைத்தவன். நாட்கணக்குக்கு இத்தனை கிலோ என்று கொழுந்து நிறுக்கப்படுவதை அறிந்தோர்க்கு அச்செங்கற் கதைக்கு உரை வேண்டுவதில்லை. நம் வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இவ்வேறுபாட்டை நிறுவிவிடுகின்றார். தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனை அடக்குபவனையே சினங்காத்தவனாக அவர் கொள்வர். பலிக்காத இடத்தில் அடக்கினாலென்ன, அடக்காவிடிலென்ன என்பது அவர் கருத்து. இவ்வளவையிற் பார்க்குமிடத்து, சாந்தம் முதற்கண் துரைக்கும், கங்காணிக்கும், கணவனுக்கும் உரிய அறமாகின்றது. தொழிலாளியிடம் அது கேட்கப்படலாகாது என்பதன்று. அவனும் தன் மனைவி மக்களிடத்து வலியவனே.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டன. துரைமார் மாறினர், ஏணி மாறவில்லை. ஆனால் கஹவத்தைத் தோட்ட மக்களுக்கு அதனினும் கொடிய சோதனை வேலியின் அப்புறத்திலிருந்து வந்தது. 1981 ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர், லயங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் கையிலகப்பட்டவற்றோடு ஓடினர். பலர் வடக்கே வவுனியாப் பக்கம் சென்றனர். ஒரே சந்தையில் மரக்கறி வாங்கி, ஒரே பேருந்தில் ஏறிய அயலவரிடையே இது நிகழ்ந்தது. சிங்களமும் தமிழைப்போலவே முன்னிலைப் பெயர்களிற் படிநிலை பேணும் மொழி. இரு மொழியாரும் ஒருவரையொருவர் எந்தப் படியில் நிறுத்தி விளித்தனர் என்பதை ஆராய்வார் ஆராய்க. எரிந்த லயங்களின் வரலாற்றில் அதற்கும் ஒரு பங்குண்டு என்பது எம் துணிபு.

இக்காலத்திலே சாந்தத்தை வலியோர் பக்கமிருந்து கடைப்பிடித்த கிறித்தவர் சிலரும் இருந்தனர். 1972இல் ஆயர் லியோ நாணயக்காரவும் யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸும் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் இருமொழி மக்களையும் ஒருங்கே அமர்த்தித் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளைப் பேசிற்று. அவர்கள் குரலை உயர்த்திப் பேசியோரல்லர், ஆனால் பேசாதிருந்தோருமல்லர்.

யாவற்றினும் குறிப்பிடத்தக்கது குருநாகல் ஆங்கிலிக்க ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவின் செயல். சிங்களவரான அவர், 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர், செப்டெம்பர் மாதத்தில் தம் மறைமாவட்டத்தாருக்கு ஆற்றிய உரையிலே, சிங்களவர் நாணவேண்டும் என்றும் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் கூறினார். பெரும்பான்மையினத்தைச் சேர்ந்த ஒருவர், தம்மவர் இன்னும் சினந்தணியாதிருந்த வேளையில், தம்மவர் முன்னிலையிலேயே இதனைக் கூறினார். அதே ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி அவர் காலமானார். கஹவத்தையிலிருந்து வெளியேறியோருட் பலர் அதற்கு இரண்டாண்டுகளின் முன்பே ஊர் நீங்கியவர்கள். அவருடைய சொற்கள் அவர்களின் செவிகளை எட்டியிருத்தல் அரிது.