வீட்டுக்கு அனுப்பாதே! - பள்ளிச் செவிலியர் பிறந்த கதை

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இது சரிதான். ஆனால் அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை திரும்பி வரவே முடியாமல் போனால்? பள்ளிகளில் செவிலியர் (நர்ஸ்) என்றொரு பதவி வந்த வரலாறு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. லண்டனில் 1892-லேயே ஏமி ஹியூஸ் என்ற செவிலியர் ஏழைப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போய்ப் பார்த்து வந்தார். ஆனால் ஒரு மாநகராட்சியே சம்பளம் கொடுத்துப் பள்ளிச் செவிலியர்களை நியமித்தது நியூயார்க்கில்தான்.

டாக்டர்கள் வந்தார்கள், வகுப்பறை காலியானது

19-ஆம் நூற்றாண்டின் முடிவில் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இத்தாலி, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்தார்கள். காற்றோட்டமில்லாத அடுக்குக் குடியிருப்புகள். ஒரே அறையில் ஒரு குடும்பம். பிள்ளைகளுக்குத் தொற்றுநோய் பரவ வேறென்ன வேண்டும்?

1897-ல் நகரச் சுகாதாரத் துறை 150 டாக்டர்களைப் பள்ளிகளுக்கு நியமித்தது. தினமும் ஒரு மணி நேர வேலை, மாதம் 30 டாலர் சம்பளம். நோயுள்ள பிள்ளையைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவதுதான் இவர்களுடைய பணி. சிகிச்சை அளிப்பது இவர்கள் வேலை இல்லை!

1902-ல் சோதனை கடுமையாக்கப்பட்டது. பேன், படர்தாமரை, சொறி, சிரங்கு, கண் இமையைத் தாக்கும் டிரக்கோமா என்று காரணம் எழுதிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மட்டும் வெளியேற்றப்பட்டவர்கள் 10,567 பேர்.

அனுப்பப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? கையில் ஒரு சீட்டு இருக்கும். அதைப் படிக்கப் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தாலும் மருந்துக்குக் காசு இல்லை. சாயங்காலமானால் அதே பிள்ளை தெருவில், பள்ளி விட்டு வந்த அதே தோழர்களோடு விளையாடும். ஆக, நோயும் பரவியது, படிப்பும் போனது.

ஒரு மாதப் பரீட்சை

அந்தப் பகுதியில் ஹென்றி தெரு சேவை இல்லத்தை நடத்தியவர் லிலியன் வால்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்கள் அவரோடு இருந்தார்கள். ஒருமுறை அவர் 12 வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தித்தார். தலையில் கரப்பான் புண். எப்போது பள்ளிக்குப் போனாலும் ஆசிரியை திருப்பி அனுப்பி விடுவார். அதனால் அவன் ஒரு நாள்கூடப் பள்ளியில் படித்ததில்லை. மருந்தகத்தில் கொடுத்த களிம்பை ஒழுங்காகத் தடவியதுமே புண் ஆறிவிட்டது. அந்தச் செப்டம்பரில் அவன் வாழ்க்கையில் முதன்முறையாகப் பள்ளியில் சேர்ந்தான். ஒரு களிம்பைத் தடவி விட ஆள் இல்லாததால் ஒரு சிறுவனின் படிப்பு அத்தனை ஆண்டு தடைப்பட்டிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

லிலியன் வால்ட் நகர அதிகாரிகளிடம் ஒரு யோசனை சொன்னார். ஒரு செவிலியரை ஒரு மாதத்துக்குத் தருகிறேன், பலன் இருந்தால் நகரமே பணம் ஒதுக்கித் தொடர வேண்டும் என்றார். அதிகம் பேர் வெளியேற்றப்பட்ட நான்கு பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1902 அக்டோபரில் அங்கே போனவர் லினா ரோஜர்ஸ். கனடாவில் பிறந்து, டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர்.

அவர் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. புண்ணைக் கழுவிக் களிம்பு போட்டார். பேனுக்கு மண்ணெண்ணெய் (அக்காலத்து முறை அது!). சிகிச்சை முடிந்ததும் பிள்ளையை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். பள்ளி முடிந்த பிறகு வீடுகளுக்குப் போய்த் தாய்மாருக்குச் செய்து காட்டினார். முதல் மாதத்தில் 893 மாணவர்களுக்குச் சிகிச்சை, 137 வீடுகளுக்கு வருகை. அதுவரை மருத்துவமே பார்க்காத 25 பிள்ளைகள் குணமாகிப் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

நகரம் 30,000 டாலர் ஒதுக்கியது, மேலும் செவிலியர்கள் வந்தார்கள். 1903 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டவர்கள் 1,101 பேர் மட்டுமே. ஒரே ஆண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

மீண்டும் அதே கேள்வி

பேனும் சிரங்கும் போன பிறகும் கேள்வி போகவில்லை. உடல் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்க்காமல் விடுவது வெகுகாலம் தொடர்ந்தது. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம், அவர்களுக்கும் இலவசக் கல்வி தர வேண்டும், அதற்குத் தேவையான துணைச் சேவைகளையும் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

டெக்சாஸில் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த ஒரு சிறுமிக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். சில நிமிட வேலை. ஒரு மணி நேரத்துக்குள் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இது மருத்துவம், எங்கள் பொறுப்பல்ல என்றது பள்ளி நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-ல் தீர்ப்பு வந்தது: டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய சிகிச்சையைப் பள்ளி தர வேண்டியதில்லை, பள்ளிச் செவிலியரோ பயிற்சி பெற்ற வேறொருவரோ செய்யக்கூடியதைத் தரத்தான் வேண்டும்.

1999-ல் அயோவா மாநிலத்திலிருந்து இன்னும் கடினமான வழக்கு வந்தது. நான்கு வயதில் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, செயற்கைச் சுவாசக் கருவியோடு வாழும் மாணவன். பள்ளி நேரம் முழுவதும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். செலவு தாங்காது என்றது நிர்வாகம். செலவைக் காரணம் காட்டி விலக்க முடியாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், இருவர் மறுத்தார்கள். சிறிய பள்ளி நிர்வாகங்களின் பணக் கஷ்டமும் பொய்யல்ல. ஆனால் அதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த முடியாது என்பதே சட்டம் சொன்ன பதில்.

1897-ன் டாக்டர்களும் 1902-ன் செவிலியரும் பார்த்தது ஒரே பிள்ளைகளைத்தான். "இந்தப் பிள்ளை இங்கே இருக்கலாமா?" என்பது டாக்டர்களின் கேள்வி. "இந்தப் பிள்ளை இங்கே இருக்க நாம் என்ன செய்ய வேண்டும்?" என்பது லினா ரோஜர்ஸின் கேள்வி. 10,567 என்ற எண்ணை 1,101 ஆக்கியது இந்த இரண்டாவது கேள்விதான்.