ஆயுத உடன்படிக்கையிலிருந்து விலகல்

ஆயுதங்களுக்கு வரம்பு வைக்க ஒப்புக்கொண்ட நாடு சட்டப்படி அதிலிருந்து வெளியேற இரண்டு முக்கிய வழிகள் உண்டு: உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கும் விலகல் பிரிவு, எதிர்த்தரப்பு வாக்குத் தவறியது என்ற குற்றச்சாட்டு. பின்னதுதான் பழையது. ஆயுத வரம்பைப் பற்றியதாக இல்லாவிட்டாலும், அதற்கு நல்ல உதாரணம் இன்று பட்டுக்குப் பெயர்போன ஆரணியில் கிடைக்கிறது.

1769 ஏப்ரலில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்துவிட, கிழக்கிந்தியக் கம்பெனி சமாதானத்துக்கு இறங்கி வந்தது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்பது பேச்சு. பின்னர் மராத்தியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி அசையவில்லை. 1779இல், ஹைதருக்குப் பிரெஞ்சுத் தளவாடங்கள் வந்திறங்கிய மாஹே துறைமுகத்தையும் பிடித்துக்கொண்டது. கம்பெனி வாக்குத் தவறியது என்று சொல்லி, மறு ஆண்டு ஜூலையில் ஹைதர் ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். ஆரணிக் கோட்டை அவருடைய கிடங்கானது. அதைக் குறிவைத்து 1782 ஜூன் 2 அன்று கம்பெனியின் படைத்தலைவர் அயர் கூட் வந்தார். ஹைதரின் பீரங்கிகள் கூட்டின் படைக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருக்க, ஹைதரின் மகன் திப்பு கோட்டையிலிருந்த செல்வத்தை அப்புறப்படுத்திவிட்டார். கூட்டின் கையில் சிக்கியது ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும்தான்.

வாக்குத் தவறியவனிடம் வாக்குக் காக்க வேண்டியதில்லை என்ற இந்த வாதமே, ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 60ஆம் பிரிவு. ஆனால் வாளை உருவுமுன் எழுத்து மூலம் அறிவித்து, மறுப்புச் சொல்ல எதிர்த்தரப்புக்குப் பொதுவாக 3 மாதமாவது தர வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு.

அணு ஆயுதங்கள் வந்தபின் விலகல் பிரிவே முன்னுக்கு வந்தது. இந்தியாவும் சேர்ந்த 1963ஆம் ஆண்டு அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையில் அதன் வாசகம் உருவானது: நாட்டின் தலையாய நலனுக்கு ஆபத்து தரும் அசாதாரண நிகழ்வு, 3 மாத முன்னறிவிப்பு. 1968ஆம் ஆண்டு அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை, காரணத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கும் சொல்லச் சொன்னது. அந்தக் காரணம் போதுமா என்பதை விலகும் நாடே முடிவு செய்துகொள்ளும், ஓட்டை இங்கேதான். வடகொரியா 1993 மார்ச்சில் அறிவிப்புக் கொடுத்து, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது நிறுத்திவைத்தது. 2003 ஜனவரியில், மிச்சமிருந்த அந்த ஒரு நாள் போதும் என்று வெளியேறியது. 2019இல் நடுத்தூர ஏவுகணை உடன்படிக்கையை விட்ட அமெரிக்கா, ரஷ்யா மீறியதாகக் குற்றம் சாட்டியபடியே, வெளியேற எடுத்துக்கொண்டது 6 மாத விலகல் பிரிவைத்தான்.

இவற்றுக்கு மாறாக, 2002இல் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த போர்நிறுத்த உடன்பாடு காரணமே கேட்கவில்லை. சமரசம் செய்த நார்வேக்கு 14 நாள் முன்னறிவிப்பு போதும். 2008 ஜனவரித் தொடக்கத்தில் கொழும்பு அதைக் கொடுத்தது. 16ஆம் தேதி உடன்பாடு முடிந்தது.