பாரம் இழுக்கும் பெருங்குதிரை: ஷயர் இனமும் நம் பம்பாயும்

குர்லாவின் பிரீமியர் தொழிற்சாலை செய்து அனுப்பி, 2023 வரை பம்பாய்த் தெருக்களில் டாக்சியாக ஓடிய பத்மினி காரின் எஞ்சினுக்கு வலிமை 40 குதிரைத்திறன். இந்த அளவைக்கு அடிகோலியவர் ஜேம்ஸ் வாட். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் நீராவி எஞ்சினை விற்கப் புறப்பட்டபோது, அதுவரை ஆலைகளில் குதிரைகளே சுற்றிச் சுற்றி வந்து எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் எத்தனை குதிரைக்கு ஈடு என்று சொன்னால்தான் ஆலை முதலாளிக்கு விளங்கும். எனவே 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் ஆற்றலை ஒரு குதிரைத்திறன் என்று வாட் வகுத்தார். நாள் முழுதும் தளராமல் உழைக்கும் குதிரைக்கான கணக்கு இது. பாரம் இழுக்கும் பெருங்குதிரை சில நொடிகளுக்குத் தம் பிடித்து இழுத்தால் ஏறத்தாழ 15 குதிரைத்திறனை எட்டும் என்று 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை கணித்தது.

அந்தப் பெருங்குதிரை எப்படி உருவாயிற்று, அதன் பேருடலோடு சாந்தம் எப்படிச் சேர்ந்தது, குதிரைகளாலும் மாடுகளாலும் ஓடிய பம்பாயில் அது ஏன் வேரூன்றவில்லை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சேற்று நிலத்தின் பிள்ளை

பாரக் குதிரை இனங்களில் உருவத்தால் முதலில் நிற்பது இங்கிலாந்தின் ஷயர். பொலிகுதிரையின் தோள் உயரம் 17 கை, அதாவது சுமார் 173 சென்டிமீட்டர். அதற்கு மேலும் வளரும். எடை ஒரு டன்னைத் தொடும். முழங்காலுக்குக் கீழே குளம்பை மூடித் தொங்கும் நீண்ட ரோமம் இதன் அடையாளம். 1846-ல் பெட்ஃபோர்ட்ஷயரில் பிறந்த சாம்சன் என்ற குதிரை 21 கைக்கு மேல் வளர்ந்து, சுமார் 1,520 கிலோ எடை கண்டது. உலகில் அளந்து குறிக்கப்பட்ட குதிரைகளில் மிகப் பெரியது அதுவே.

இரும்புக் கவசம் பூண்ட வீரர்களைச் சுமந்த போர்க்குதிரையின் வழிவந்தது ஷயர் என்று நெடுங்காலம் பெருமையாகச் சொல்லப்பட்டது. அண்மையில் இங்கிலாந்தின் தொல்லியலாளர்கள் இடைக்கால எலும்புகளை அளந்து பார்த்தபோது, அக்காலக் குதிரைகளில் பெரும்பாலானவை இன்றைய மட்டக்குதிரையின் உயரமே இருந்தன என்று தெரியவந்தது. ஆகவே ஷயரின் வரலாற்றைப் போர்க்களத்தைவிட வயலிலும் சாலையிலும் தேடுவதே பொருத்தம். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் நீரை வடிக்க டச்சுப் பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த கனத்த குதிரைகள் உள்ளூர்க் குதிரைகளோடு கலந்தன. அடுத்த நூற்றாண்டில் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த ராபர்ட் பேக்வெல், நல்ல பொலிகுதிரைகளைத் தேர்ந்து இணைசேர்த்து இனத்தைச் செப்பனிட்டார். 1755 முதல் 1770 வரை அதே பகுதியில் இருந்த ‘பாக்கிங்டன் குருட்டுக் குதிரை’ என்ற பொலிகுதிரையையே இனத்தின் மூதாதை என்று வம்சாவளி ஏடுகள் குறிக்கின்றன. 1878-ல் அமைந்த இங்கிலாந்து வண்டிக் குதிரைச் சங்கம் 1884-ல் ஷயர் குதிரைச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பிற இனங்களின் கதையும் ஏறக்குறைய இதே காலத்ததுதான். இன்றுள்ள சஃபோக் குதிரைகள் எல்லாம் 1768-ல் பிறந்த ஒற்றைப் பொலிகுதிரையின் வழித்தோன்றல்கள். பிரான்சின் பெர்ஷெரான் இனத்தின் வம்சாவளி, 1823-ல் பிறந்த ழான் லெ பிளான் என்ற குதிரையில் போய் முடிகிறது. கால்வாய், சுரங்கம், துறைமுகம், மதுவடிசாலை ஆகியவற்றுக்குக் கனத்த வண்டிகள் தேவைப்பட்ட தொழிற்புரட்சிக் காலமே இக்குதிரைகளின் பொற்காலம். ரயில் வந்த பிறகு குதிரைக்கு வேலை குறையவில்லை, கூடியது. நிலையம்வரை சரக்கை ரயில் கொண்டுவரும். நிலையத்திலிருந்து கடைவாசல்வரை இழுத்துச்செல்லக் குதிரைதான் வேண்டும்.

சாந்தம் வந்த வழி

ஷயரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அதன் சாதுகுணத்தைச் சொல்வார்கள். அதைப் பிறவி வரம் என்று விட்டுவிடாமல் காரணம் தேடினால், மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வு புலப்படும்.

முதலாவது, வேலையின் இயல்பு. நகரத்தில் வண்டிக் குதிரையின் பொழுதில் பெரும்பகுதி நிற்பதிலேயே கழியும். பீப்பாய்களை உருட்டி இறக்கும்வரை, நெரிசலில், இரைச்சலில், காலடியில் ஓடும் பிள்ளைகளுக்கு நடுவே அது அசையாமல் நிற்க வேண்டும். இழுக்கும் பலம் எவ்வளவு இருந்தாலும், நிற்கத் தெரியாத ஒரு டன் குதிரை தெருவுக்கு ஆபத்து.

இரண்டாவது, இனப்பெருக்க முறை. அக்காலத்தில் பொலிகுதிரையைப் பெட்டைகளிடம் நடத்தியே கூட்டிச்சென்றார்கள். ஒற்றை ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் பருவம் முழுதும் அதனோடு நடப்பான். முரட்டுப் பொலிகுதிரையை அப்படி நடத்த முடியாது. நடத்த முடியாததற்கு வாரிசும் இல்லை. கோபம் இப்படித்தான் வம்சத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

மூன்றாவது, பழக்கும் முறை. இளங்குதிரையை அனுபவமுள்ள மூத்த குதிரையோடு ஜோடி சேர்த்து, இலகுவான வேலையில் பூட்டிப் பழக்குவார்கள். மூத்தது வெருளாவிட்டால் இளையதும் வெருளாது. உழவனின் குரலுக்குத் திரும்பவும் நிற்கவும் அது இப்படிக் கற்றுக்கொண்டது.

பம்பாய்க்கு ஏன் வரவில்லை

குதிரை நம் நாட்டுக்குப் புதிதன்று. புகார்த் துறையில் கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்து அரபு, பாரசீகக் குதிரைகளை வாங்கியதையும், இங்கு வந்தவை பராமரிப்பின்றி விரைவிலேயே மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். வந்தவை எல்லாம் சவாரிக்கும் போருக்குமான குதிரைகள். பாரம் இழுக்கும் பெருங்குதிரை அந்தக் கப்பல்களில் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்து ஐயனார் கோயிலில் முப்பதடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரையும் தெய்வத்தின் வாகனம்தான்; வண்டியில் பூட்டுவதற்கான உருவம் அன்று.

பம்பாயில் 1874 மே 9 அன்று குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. பரேலிலிருந்து கொலாபாவுக்கு ஒரு தடம், போரி பந்தரிலிருந்து பைதோணிக்கு இன்னொன்று. ஒரு வண்டிக்கு ஒரு குதிரை அல்லது இரண்டு. டிராம் நடத்திய ஸ்டேர்ன்ஸ்–கிட்ரெட்ஜ் நிறுவனத்தின் லாயத்தில் 900 குதிரைகள் இருந்தன என்பர். அந்த லாயம் இருந்த இடத்தில் இன்று கொலாபாவின் எலெக்ட்ரிக் ஹவுஸ் நிற்கிறது. பரேலில் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், 1886-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அமைந்த காலமும் இதுவே. அக்காலத்தில் இந்தியாவுக்குக் குதிரைகளைப் பெருமளவில் அனுப்பிய நாடு ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் ‘வேலர்’ எனப்பட்ட அக்குதிரை படைக்கும் பீரங்கி வண்டிக்கும் ஏற்றது, ஷயரைவிட மிக இலேசானது. அதுவே வெயிலில் தவித்தது. கல்கத்தாவின் டிராம் குதிரைகள் கோடையில் பலியானதுண்டு.

உடல் பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற அளவில் தோலின் பரப்பு கூடுவதில்லை. எனவே உடற்சூடு வெளியேறுவது கடினம். குளம்பை மூடிய ரோமம் ஈரத்தில் ஊறினால் தோல்நோய் பற்றும். பம்பாயின் ஏப்ரல் வெயிலும் ஜூலை மழையும் ஷயருக்கு இரட்டைப் பகை. தினமும் 15 கிலோவுக்கு மேல் உலர்புல்லும், அதன்மேல் தானியமும் தின்னும் குதிரைக்கு இங்கே தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. எனவே ஒரு டன் குதிரை செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு காளைகள் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் 392 பவுண்டு கனக்கும் பருத்திப் பொதிகளை இந்நகரில் மாட்டு வண்டிகளே சுமந்தன. குர்லா மேற்கின் பைல் (காளை) பஜார் என்ற வட்டாரப் பெயரில் அந்த மாடுகளின் நினைவு தங்கியிருக்கிறது.

நம் காளைகளின் குணம்

தென்னாட்டின் இழுவை மாடுகளைப் பெருங்குதிரையோடு ஒப்பிட்டால் சுவையான வேறுபாடு ஒன்று தெரியும். மைசூர் உடையார்கள் பேணி, ஹைதர் அலியும் திப்புவும் பெருக்கிய அம்ரித் மகால் இனம் பீரங்கி இழுப்பதற்கே வளர்க்கப்பட்டது. இந்த மாடுகளின் பலத்தில்தான் ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க வந்து சேர்ந்தார். வேகத்தில் பெயர்பெற்ற இவ்வினம் முன்கோபத்திலும் பெயர்பெற்றது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கேயமும், மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் துடிப்பான மாடுகளே. திறந்த மேய்ச்சலில் வளர்ந்த இவற்றுக்கு வேகமும் தாங்கும் உடலும் முக்கியம். சாந்தத்தைக் காயடித்தலாலும் மூக்கணாங்கயிற்றாலும் பின்னால் வரவழைத்துக்கொண்டார்கள் நம் உழவர்கள். ஆங்கிலேயப் பண்ணையாளர்களும் வேலைக் குதிரைகளுக்குக் காயடித்தார்கள் என்றாலும், காயடிக்காத பொலிகுதிரையிடமே அடக்கத்தை எதிர்பார்த்தார்கள். ஒரே வேலைக்கு இரு சமூகங்கள் கண்ட இரு வழிகள் இவை.

எஞ்சினுக்குப் பின்

1907 மே 7 அன்று பம்பாயில் மின்சார டிராம் வந்தது. சென்னை அதற்கு முன்பே, 1895-ல் அதே மே 7 அன்று, மின்சார டிராமைக் கண்டிருந்தது. 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. எஞ்சியிருந்த ‘விக்டோரியா’ குதிரை வண்டிகளையும் ஓராண்டுக்குள் நிறுத்தும்படி பம்பாய் உயர்நீதிமன்றம் 2015-ல் உத்தரவிட்டது; 2021-ல் அவ்வண்டியே மின்கலத்தில் ஓடுவதாக மறுபிறவி எடுத்தது.

இங்கிலாந்தில் டிராக்டரும் லாரியும் பெருங்குதிரையை வேலையிழக்கச் செய்தன. 1966-ல் பதிவான சஃபோக் குட்டிகள் ஒன்பதே ஒன்பது. ஷயரும் அழிவின் விளிம்புவரை சென்று மீண்டது. மீட்டதில் அதன் சாந்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. லாரியால் முடியாத வேலைகள் அந்தக் குணத்துக்குக் கிடைத்தன: ஊர்வலத்தில் கூட்டத்தின் நடுவே நடப்பது, மதுவடிசாலையின் விளம்பர வண்டியை இழுப்பது, மண்ணை நசுக்காமல் காட்டிலிருந்து மரம் இழுப்பது, குதிரை ஏறிப் பழகாதவரை முதுகில் ஏற்றிக்கொள்வது. இனத்தைக் காத்தவர்கள் ஆர்வலர்களின் இரக்கத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. மரபுவழியில் சேர்த்துவைத்த குணத்துக்கு ஏற்ற புதுப் பணியைத் தேடிக்கொடுத்தார்கள்.

காங்கேயத்தையும் அம்ரித் மகாலையும் காக்க விரும்பும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ஏரும் வண்டியும் திரும்பி வரும் என்று காத்திருப்பதால் பயனில்லை. வெயில் தாங்கும் உடல், வறட்டுப் புல்லில் வாழும் திறம், நோய்க்கு எளிதில் வசப்படாமை என இவ்வினங்களிடம் சேர்ந்திருக்கும் இயல்புகள் எந்த வேலைக்குப் பயன்படும் என்று கண்டறிய வேண்டும். அந்த வேலை இருக்கும்வரைதான் வளர்ப்பவனும் இருப்பான், இனமும் இருக்கும்.