தோள் பையோடு தனியாக ஊட்டிக்கு

கூட்டேரிப்பட்டுக்காரனுக்கு மே மாதம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால் செருப்பையும் மீறிக் கால் சுடும். என் மனைவி வருஷா வருஷம் அந்த மாதத்தில்தான் கேட்பாள், "ஒரு தடவை ஊட்டிக்குப் போயிட்டு வரலாங்க." நானும் வருஷா வருஷம் சொல்வேன், "அடுத்த மே பார்க்கலாம்." மயிலம் முருகனைத் தவிர வேறு மலை அவளுக்கு நான் காட்டவில்லை.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, 66 வயதில், ஒரு தோள் பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். "இந்த வயசுல தனியாவா?" என்றான் மகன். "கூட வர வேண்டியவங்க வரலியே" என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து சேலம், கோவை, மேட்டுப்பாளையம்.

காலை மலை ரயில். 46 கிலோமீட்டர் தூரம், 16 சுரங்கம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. குன்னூரில் இறங்கி டீ குடித்தபோது பையிலிருந்த அவளுடைய பழைய சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இந்த மலைக்கு ஐரோப்பியர் வந்த கதை நீளமானது. 1603-இல் பெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்தார். அதற்குப் பிறகு இருநூறு வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் முதலில் பங்களா கட்டினார். பிறகு உதகையில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822-இல் கல் பங்களா வேலையைத் தொடங்கினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஊட்டி ஏரியை வெட்டியவரும் அவர்தான். நம் திண்டிவனம் மார்க்கெட்டில் 'ஊட்டி உருளை, ஊட்டி கேரட்' என்று கூவி விற்கிறார்களே, அந்தச் சீமைக் காய்கறிகளை அங்கே பயிர் செய்து காட்டியவரும் அவரே.

உதகமண்டலம் என்ற பெயரிலேயே தோடர்களின் 'மந்து' ஒளிந்திருக்கிறது. மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு. ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கிய அதே சல்லிவன், இந்த நிலம் தோடர்களுடையது, அவர்கள் உரிமையை மதிக்க வேண்டும் என்று பின்னால் மேலதிகாரிகளோடு வாதாடியிருக்கிறார். மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

மறுநாள் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் போனேன். 1831-இல் திறந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்த தேக்கு உத்தரங்கள் உள்ளே இருக்கின்றன. பின்பக்கச் சரிவில் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் அங்கேதான் அடக்கம். உடம்பு தேற இதைவிட நல்ல இடம் இல்லை என்று வெள்ளைக்காரச் சிப்பாய்களையெல்லாம் மலைக்கு வரவழைத்தவர் அவர். அந்தக் குளிர் அவர் வீட்டாரைக் காப்பாற்றவில்லை. 1841-இல் இருவரையும் இங்கேயே விட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினார். 1855-இல் அங்கே காலமானார்.

அந்தக் கல்லறை பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவிக்கு ஊட்டியைக் காட்டிவிட்டு இழந்தார். நான் காட்டாமலே இழந்தேன். தூறல் போட்டது. சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஊருக்குத் திரும்பும்போது ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கி வந்து அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். பேரப்பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டிலும் 'அடுத்த மே' ஏதாவது பாக்கி இருந்தால், இந்த மேயிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இரண்டு டிக்கெட்டாக எடுங்கள்.