முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது: கிராள் முதல் வென்ச்சர் கேப்பிடல் வரை

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று "ஸ்டார்ட்அப்" தொடங்குவது பற்றிப் பேசுகின்றனர். முதலீட்டாளர்களைச் சந்தித்துத் தம் திட்டத்தை எடுத்துரைப்பதைப் "பிட்ச்" என்கின்றனர். இதைக் கேட்கும் பெற்றோரின் முதற்கேள்வி, "இது வட்டிக் கடனா?" என்பதாகவே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான் அது. விடை காண வேண்டுமாயின், பிறர் பணத்தைக் கொண்டு தொழில் செய்யும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மதீனாவில் எழுந்த ஒரு வழக்கு

நபித்துவத்திற்கு முன்பே மக்காவில் இவ்வழக்கம் இருந்தது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் பொருளை நம்பிக்கைக்குரியோரிடம் ஒப்படைத்து, லாபத்தில் ஒரு பங்கு தந்து வணிகம் செய்வித்தார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய சரக்குடன் ஷாம் நாட்டுக்குச் சென்றதை நாம் அறிவோம்.

இவ்வழக்கம் சட்ட வடிவம் பெற்ற வரலாற்றில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி முக்கியமானது. உமர் (ரலி) அவர்களின் மக்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் இராக்கிற்குச் சென்ற படையிலிருந்து திரும்பும் வழியில், பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் அவரிடம் இருந்தது. அதை அவ்விருவருக்கும் கடனாகக் கொடுத்தார். இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் செலுத்திவிட்டு லாபத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. லாபமும் கிடைத்தது.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: படையிலிருந்த எல்லோருக்கும் இவ்வாறு கடன் கொடுத்தாரா? இல்லை என்றதும், கலீஃபாவின் மக்கள் என்பதால் கிடைத்த சலுகை இது என்று கூறி, முதலையும் லாபத்தையும் சேர்த்துச் செலுத்தும்படி ஆணையிட்டார்கள். அப்துல்லாஹ் மௌனமாக இருந்தார். உபைதுல்லாஹ் மறுத்துப் பேசினார்: அப்பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்களன்றோ ஈடு செய்திருப்போம் என்பது அவர் வாதம். உமர் (ரலி) அவர்கள் தம் ஆணையை மீண்டும் கூற, அவரும் தம் வாதத்தை மீண்டும் கூறினார். அப்போது அவையிலிருந்த ஒருவர், இதனைக் கிராளாக ஆக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். கலீஃபா ஏற்றுக்கொண்டார்கள். முதலும் பாதி லாபமும் பொதுநிதிக்குச் சென்றன. மறுபாதி லாபம் சகோதரர்களுக்குக் கிடைத்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் இரண்டு அடிப்படைகள் அடங்கியுள்ளன. இழப்பின் ஆபத்தை யார் சுமக்கிறாரோ அவருக்கு லாபத்தில் உரிமை உண்டு என்பது ஒன்று. உறவும் செல்வாக்கும் முதல் பெறுவதற்கான தகுதி ஆகா என்பது மற்றொன்று.

கிராளின் நிபந்தனைகள்

நம் கடலோர ஊர்களில் ஓதப்படும் ஷாஃபிஈ நூல்கள் இதனைக் "கிராள்" என்றும், ஹனஃபீ நூல்கள் "முளாரபா" என்றும் குறிப்பிடுகின்றன. இரண்டும் ஒன்றே. ஒருவர் முதல் தருகிறார். மற்றவர் உழைப்பைத் தருகிறார். லாபம் பாதி, மூன்றில் ஒன்று என விகிதமாகவே பேசப்பட வேண்டும். "மாதம் இவ்வளவு ரூபாய்" என்று உறுதி செய்தால் ஒப்பந்தம் கெட்டுவிடும். முதல் மீண்ட பின்பே லாபம் என்பது கணக்கிடப்படும். இழப்பு நேர்ந்தால் அது முதல் தந்தவரைச் சாரும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீணாகும். அவர் வரம்பு மீறியிருந்தாலோ கவனமின்றி நடந்திருந்தாலோ அன்றி, அவரிடம் ஈடு கேட்க முடியாது.

இதே அமைப்பை இத்தாலியத் துறைமுகங்களிலும் காண்கிறோம். ஜெனோவாவில் "கொமெண்டா", வெனிஸில் "கொல்லெகான்சா" எனப்பட்ட ஒப்பந்தங்களில், ஊரில் தங்கியவர் முதலைத் தந்தார். கடல் கடந்தவர் வணிகம் செய்து, முழு முதலும் பிறருடையதாயின் பெரும்பாலும் லாபத்தில் நான்கில் ஒரு பங்கு பெற்றார். ஜெனோவாவின் பத்திர எழுத்தர் ஜொவான்னி ஸ்கிரிபா 1154 முதல் 1164 வரை எழுதிய ஏடுகளில் இத்தகைய ஒப்பந்தங்கள் ஏராளம். மத்தியதரைக்கடல் வணிகத்தின் வழியாகக் கிராளே அங்கு சென்றிருக்கலாம் என்பது ஆபிரகாம் உடோவிச் போன்ற ஆய்வாளர்களின் கருத்து. வேறு மூலங்களைச் சுட்டுவோரும் உளர்.

எழுபதாயிரம் டாலர்

இன்றைய வென்ச்சர் கேப்பிடலின் வரலாற்றை 1946இல் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் என்னும் நிறுவனம் தோன்றியது. அதனை நடத்தியவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஜார்ஜஸ் டோரியோ. அடகு வைக்கச் சொத்தில்லாத, ஆனால் புதிய அறிவியல் கருத்தை உடைய இளைஞர்களுக்கு வங்கிகள் கடன் தருவதில்லை. அவர்களுக்கு முதல் தந்து பங்குரிமை பெறுவதே அதன் நோக்கம்.

1957இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் இரு பொறியாளர்கள் அங்கு வந்தனர். கணினி தயாரிப்பது அவர்களுடைய திட்டம். நிர்வாகக் குழுவின் முன் பேசுவதற்குமுன், அந்நிறுவன ஊழியர்கள் சில அறிவுரைகள் கூறியதாக ஓல்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். "கணினி" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். அதில் எவரும் பணம் சம்பாதிப்பதில்லை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஐந்து விழுக்காடு லாபம் போதாது. அதற்கு மேல் சொல்லுங்கள். குழுவில் முதியோர் மிகுதி. எனவே விரைவில் லாபம் வரும் என்று சொல்லுங்கள். இருவரும் அவ்வாறே செய்தனர்.

அவர்களுக்குக் கிடைத்தது 70,000 டாலர். அதற்கு ஈடாக நிறுவனத்தின் பெரும்பகுதி உரிமை, ஏறத்தாழ 70 விழுக்காடு, முதலீட்டாளருக்குச் சென்றது. மேனார்டு என்னும் ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலையில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் தொடங்கியது. முதலில் ஆய்வகங்களுக்கான மின்னணுப் பலகைகளை விற்று முதலாண்டிலேயே லாபம் கண்டனர். 1959இன் இறுதியில் தம் முதற்கணினியான பிடிபி-1ஐக் காட்டினர். 1966இல் பங்குகள் பொதுச்சந்தைக்கு வந்தன. 1970களின் தொடக்கத்தில் அந்த 70,000 டாலரின் மதிப்பு 35 கோடி டாலரைக் கடந்திருந்தது.

1960களிலிருந்து கலிஃபோர்னியாவில் இது "லிமிடெட் பார்ட்னர்ஷிப்" என்னும் வடிவம் பெற்றது. செல்வர்களும் நிறுவனங்களும் முதல் தருவர். நிதியை நடத்துவோர் லாபத்தில் வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு பெறுவர். ஜெனோவா வணிகரின் நான்கில் ஒரு பங்கை இது நினைவூட்டுகிறது.

சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும்

ஓல்சன் "கணினி" என்ற சொல்லைத் தவிர்த்தது ஏமாற்றா? முதலில் பலகைகள் விற்போம் என்றனர், விற்றனர். ஓராண்டில் லாபம் என்றனர், காட்டினர். சொன்ன எதுவும் பொய்யாகவில்லை. ஆயினும் வாங்குவோரும் விற்போரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்று கற்றுத் தரப்பட்ட நாம், இங்கே எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை உணர வேண்டும்.

அந்த எல்லையைக் கடந்ததன் முடிவை தெரனோஸ் நிறுவனம் காட்டியது. 2003இல் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய அந்நிறுவனம், சில துளி இரத்தத்தில் பல சோதனைகள் செய்யும் கருவி தன்னிடம் உள்ளதாகக் கூறிக் கோடிக்கணக்கான டாலர் திரட்டியது. உண்மையில் பெரும்பாலான சோதனைகள் பிறர் தயாரித்த கருவிகளிலேயே நடந்தன. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றம் நிரூபணமாகி, அவ்வாண்டு இறுதியில் அவருக்குப் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

அப்படியானால் வென்ச்சர் முதல் முழுவதும் கிராள் போன்றதா? நிதிக்கு முதல் தருவோருக்கும் அதை நடத்துவோருக்கும் இடையிலான உறவு கிராளை ஒத்தது. நிதிக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இடையிலான உறவு, இரு தரப்பும் உரிமையாளர்களாக இருப்பதால், முஷாரகா எனும் கூட்டுடைமைக்கு நெருக்கமானது. ஆனால் பெயர் பங்குரிமை என்றிருந்தாலும் உள்ளே வேறு ஷரத்துகள் இருக்கலாம்.

"கன்வெர்ட்டிபிள் நோட்" என்பது பின்னர் பங்காக மாறும் கடன். அதில் பெரும்பாலும் வட்டி விகிதம் எழுதப்பட்டிருக்கும். அது வட்டியே. நிறுவனம் விற்கப்படும்போது முதலீட்டாளர் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் ஷரத்தும் வழக்கத்தில் உண்டு. எடுத்துக்காட்டாக, 50 லட்சம் தந்து 20 விழுக்காடு பெற்றவர், நிறுவனம் 50 லட்சத்துக்கே விற்கப்பட்டால் முழுவதையும் எடுத்துக்கொள்வார். தொடங்கியவருக்கு எதுவும் மிஞ்சாது. சில ஒப்பந்தங்கள் தந்ததைப் போல் இரு மடங்கு கேட்கின்றன. சில, ஆண்டுதோறும் நிலையான விழுக்காடு சேர்ந்துகொண்டே போகும் என்கின்றன. சில, தொழில் நொடித்தால் சொந்த வீட்டிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்கின்றன. இவற்றையெல்லாம் "முதலீடு" என்ற சொல்லை மட்டும் நம்பி ஏற்றுவிடலாகாது. கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தின் நகலை, வணிகச் சட்டம் அறிந்த ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டுவது அவசியம்.

நம் சமுதாயத்தில் சேமிப்பு உண்டு. திறமையுள்ள பிள்ளைகளும் உண்டு. இரண்டும் சந்திக்கும்போது, பணம் உள்ளவர் இழப்பையும் ஏற்க முன்வர வேண்டும். உழைப்பவர் கணக்கை ஒளிவுமறைவின்றிக் காட்ட வேண்டும். பணம் தருபவர் மாமாவாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னார் மகன் என்பதற்காகக் கொடுக்காதீர்கள். திட்டத்தைக் கேட்டுக் கொடுங்கள். உமர் (ரலி) அவர்கள் தம் மக்களிடமே கேட்ட கேள்வியை நாம் நம் உறவினரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளின் முயற்சிகளில் ஹலாலான வருவாயையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.